வாடகைக்கு விட வீடு வாங்கும்முன் செலவைக் கணக்கிடுவது எப்படி: தரகர் தாளில் விட்டுப்போனவை

கேள்வி இதுதான்: வாடகைக்கு விடுவதற்கென்றே ஒரு பழைய தனி வீட்டைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். தரகர் ஒரு கணக்குத் தாள் கொடுத்திருக்கிறார். அதில் செலவு என்று மூன்றே இனங்கள்: சொத்து வரி, காப்பீடு, பராமரிப்பு. அதெல்லாம் போக நிகர வருமானம் 7.2 சதவீதம் என்கிறது தாள். இதை நம்பலாமா, இல்லை, அமெரிக்கச் சிறு முதலீட்டாளர்கள் சொல்லும் 50 சதவீத விதிப்படி வாடகையில் பாதியைச் செலவென்று கழித்துவிட்டு முடிவெடுக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பேன். தாள் விற்கும் பக்கத்திலிருந்து வருவது. அதில் வசதியான எண்கள்தான் இருக்கும். பாதி விதியின் சிக்கல் வேறு. செலவு வாடகையைப் பார்த்து வருவதில்லை. கட்டடத்தின் வயதையும், குடியிருப்பவர் எத்தனை காலம் தங்குகிறார் என்பதையும் பார்த்துத்தான் வருகிறது. வாடகையில் இத்தனை சதவீதம் என்று எந்த எண்ணைச் சொன்னாலும் அது ஒரு வீட்டுக்குச் சரியாகவும் பக்கத்து வீட்டுக்குத் தப்பாகவும் இருக்கும்.

எந்த நாட்டுப் பணத்துக்கும் பொருந்தும்படி மாத வாடகையை 100 என்று வைத்துக்கொள்வோம். தரகர் தாளை அந்த அளவுக்குச் சுருக்கினால் இப்படி வரும்: ஆண்டு வாடகை 1,200, வீட்டின் விலை 15,000, சொத்து வரி 60, காப்பீடு 30, பராமரிப்பு 30. செலவு மொத்தம் 120, மீதி 1,080. அதை 15,000-ஆல் வகுத்தால் 7.2 சதவீதம். கூட்டல் கழித்தலில் பிழையே இல்லை. தாளில் ஏறாதவற்றில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் ஏறாதது, வீடு காலியாகக் கிடக்கும் காலம். ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதமும் வாடகை வரும் என்று தாள் நினைக்கிறது. ஒருவர் காலி செய்து, அடுத்தவர் குடிவர ஒரு மாதம் ஆகிறது என்று வையுங்கள். அந்த ஒரு மாத வாடகை மட்டுமே நஷ்டம் என்று பலர் நினைக்கிறார்கள். புதியவரைப் பிடித்துத் தரத் தரகு ஒரு மாத வாடகை, உள்ளே பெயின்ட் அடித்து, குழாய் சரிபார்த்து, சுத்தம் செய்ய அரை மாத வாடகை என்று சேர்த்தால் ஒவ்வொரு தடவை ஆள் மாறும்போதும் இரண்டரை மாத வாடகை போகிறது. தரகு, கூலி எல்லாம் உங்கள் ஊரில் வேறாக இருக்கலாம். கணக்குப் போடும் விதம் ஒன்றுதான்.

இப்போது பாருங்கள். குடியிருப்பவர் ஓராண்டில் கிளம்பிவிடுகிறார் என்றால், 12 மாதம் வாடகை, ஒரு மாதம் காலி, ஆக 13 மாதச் சுற்று. கையில் நிற்பது பத்தரை மாத வாடகை. 19 சதவீதம் போய்விட்டது. அவரே இரண்டாண்டு இருந்தால் 25 மாதச் சுற்றில் இரண்டரை மாதம், சரியாக 10 சதவீதம். மூன்றாண்டு இருந்தால் 7 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். வீடு அதே, வாடகை அதே. குடியிருப்பவரின் தங்கும் காலம் ஒன்றுதான் மாறியது. அதனால் தரகரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'இங்கே வாடகை எவ்வளவு போகும்' என்பதைவிட, 'போன மூன்று குடித்தனங்கள் எத்தனை நாள் இருந்தார்கள், ஏன் போனார்கள்' என்பதாக இருக்கட்டும். கல்லூரிக்கோ தொழிற்சாலைக்கோ அருகில் இருக்கும் வீட்டில் வாடகை கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் ஆள் அடிக்கடி மாறுவார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சேர்த்துவிட்ட குடும்பம் லேசில் நகராது. கொஞ்சம் குறைந்த வாடகைக்கு நீண்ட காலம் இருப்பவரே பல நேரம் லாபம் என்பது இந்தக் கணக்கில்தான் தெரியும்.

இந்த வீட்டுக்கு இரண்டாண்டுத் தங்கல் என்று எடுத்துக்கொள்கிறேன்: ஆண்டுக்கு 120. வாடகை தராமல் இழுத்தடிப்பவர், அவரைக் காலி செய்ய வைக்க வழக்கறிஞர் செலவு என்பதெல்லாம் இதற்கு மேல். நல்ல ஆளாகப் பார்த்து வைத்தால் அது அரிதாகத்தான் வரும் என்பதால் தனியாக ஒரு எண் போடவில்லை. சட்டம் காலி செய்ய நீண்ட அவகாசம் தரும் இடமென்றால் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து சொத்து வரி. விற்பவர் காட்டும் ரசீது உண்மையானதாகவே இருக்கும். ஆனால் அது அவருடைய வரி. உங்களுடையது அதுவாகத்தான் இருக்கும் என்று இல்லை. கலிபோர்னியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 1978-இல் வாக்கெடுப்பில் நிறைவேறிய 13-ஆம் முன்மொழிவின்படி, ஒருவர் கையில் சொத்து இருக்கும்வரை வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. பொதுவாக, விற்றதும் அது சந்தை மதிப்புக்குப் போய்விடும். முப்பது வருடமாக ஒருவர் வைத்திருந்த வீட்டின் வரி ரசீதை வைத்துக் கணக்குப் போட்டால் என்ன ஆகும் என்று சொல்லவே தேவையில்லை. எல்லா ஊரிலும் இந்தச் சட்டம் இல்லை. ஆனாலும் சொந்தக்காரர் குடியிருந்தால் ஒரு விகிதம், வாடகைக்கு விட்டால் ஒரு விகிதம் என்று வைத்திருக்கும் உள்ளாட்சிகள் உண்டு; பல ஆண்டு திருத்தாமல் விட்டுவிட்டு ஒரேயடியாக ஏற்றுவதும் உண்டு. உள்ளாட்சி அலுவலகத்தில் 'இந்த விலைக்கு நான் வாங்கி, வாடகைக்கு விட்டால் வரி எவ்வளவு' என்று நேராகக் கேளுங்கள். நான் 60-ஐ 90 ஆக்கிக்கொள்கிறேன்.

காப்பீட்டில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சொந்தக் குடியிருப்புக்கான பாலிசி வேறு, வாடகைக்கு விட்ட வீட்டுக்கான பாலிசி வேறு. விற்பவர் அங்கேயே குடியிருந்தால் அவர் கட்டும் தொகை உங்களுக்கு உதவாது. வாங்கும்முன் ஒரு விலைப்புள்ளி வாங்குங்கள். வெள்ளத்துக்கு அதில் இடம் உண்டா என்று தனியாகக் கேளுங்கள், பல சாதாரண பாலிசிகளில் இருக்காது. 40 என்று வைக்கிறேன்.

இனி பராமரிப்பு. தாளில் 30 என்று இருக்கும் இந்த இனத்தில்தான் பெரும்பாலான கணக்குகள் கவிழ்கின்றன. இதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். குழாய் சொட்டுவது, ஸ்விட்ச் போவது, சாக்கடை அடைப்பது போன்ற சில்லறை ரிப்பேர் ஒன்று. ஆயுள் முடிந்த பொருளைத் தூக்கிவிட்டுப் புதிதாக வைப்பது இன்னொன்று. முதலாவது மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கடிக்கும், கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது ஐந்து வருடம் சத்தமே போடாமல் இருந்துவிட்டு ஒரே நாளில் ஆறு மாத வாடகையைக் கேட்கும். விற்பவர் 'போன வருடம் 30-தான் செலவானது' என்று சொல்வது பொய்யாகக்கூட இருக்காது. பெரிய செலவு அடுத்த வருடம் வரட்டும் என்று காத்திருந்திருக்கலாம். சொல்லப்போனால், விற்க நினைத்தவர் கடைசி இரண்டு மூன்று வருடம் வீட்டுக்குப் பணம் போடாமல் நிறுத்திவைப்பதுதான் வழக்கம்.

மாற்றுச் செலவைக் கணக்கிட ஊகம் தேவையில்லை, ஒரு நோட்டும் பேனாவும் போதும். வீட்டைச் சுற்றி நடந்து, ஆயுள் உள்ள ஒவ்வொரு பொருளையும் எழுதுங்கள். பக்கத்தில் இன்று மாற்றினால் ஆகும் செலவு, மொத்த ஆயுள், இப்போதைய வயது. செலவை ஆயுளால் வகுத்தால் ஆண்டுக்கு எவ்வளவு என்று வந்துவிடும். நம் உதாரண வீட்டில் வெளிப்பூச்சு 180, ஆறு வருடம் தாங்கும்: ஆண்டுக்கு 30. மேல்தளத்தில் மழைநீர் இறங்காமல் செய்யும் வேலை 240, பத்து வருடம்: 24. குளியலறைகளும் குழாய்களும் 400, இருபத்தைந்து வருடம்: 16. வயரிங் 300, முப்பது வருடம்: 10. வாட்டர் ஹீட்டர் 60, பத்து வருடம்: 6. மோட்டார் 40, எட்டு வருடம்: 5. கதவு, பூட்டு, ஜன்னல் போன்றவற்றுக்கு 9. கூட்டினால் 100. விலைகள் நான் உதாரணத்துக்குப் போட்டவை. உங்கள் பகுதி பிளம்பரிடமும் எலக்ட்ரீஷியனிடமும் கேட்டு உங்கள் எண்களை நிரப்புங்கள். அரை நாள் வேலை.

வயதை எழுதச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. வாட்டர் ஹீட்டருக்கு ஆண்டுக்கு 6 போதும் என்பது புதிதாக வைத்த ஹீட்டருக்கு. ஏழு வருடம் ஓடிவிட்ட ஹீட்டரை நீங்கள் வாங்கினால் மிச்சமிருக்கும் மூன்று வருடத்துக்குள் 60 சேர்க்க வேண்டும், அதாவது ஆண்டுக்கு 20. பழைய ஏழு வருடப் பங்கை விற்பவர் அனுபவித்துவிட்டார், பில் மட்டும் உங்களுக்கு. ஆகவே ஆயுள் முடியும் தறுவாயில் இருப்பதையெல்லாம் ஆண்டுச் செலவில் போடாமல், வாங்கும் விலையோடு சேர்த்துவிடுவது நல்லது. இந்த வீட்டில் வெளிப்பூச்சு, மேல்தள வேலை, ஹீட்டர் மூன்றும் கதை முடிந்தவை என்று வைத்தால் 480 ஆகிறது, சில்லறையோடு 500. இதை வாங்கிய கையோடு செய்துவிட்டால், அதற்குப் பிறகு ஆண்டுக்கு 100 என்ற சராசரி நியாயமாக இருக்கும்.

சில்லறை ரிப்பேருக்கு 70. பழைய வீடு, இதற்குக் கீழே போக மனம் வரவில்லை.

வீட்டின் விலையில் ஆண்டுக்கு 1 சதவீதத்தைப் பராமரிப்புக்கு ஒதுக்கு என்று இன்னொரு விதியும் உலவுகிறது. 15,000-க்கு 150; நமக்கு வந்த 170-க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் இதே வீட்டை நிலத்தின் விலை எகிறிய இடத்தில் 45,000-க்கு விற்றால் விதி 450 கேட்கும். நிலத்துக்கு யாரும் பெயின்ட் அடிப்பதில்லை. கட்டடத்தின் மதிப்புக்கு மட்டும் அந்த விதியைப் பார்த்தால் ஓரளவு உபயோகம் உண்டு, அதுவும் சரிபார்க்க மட்டும்.

அடுக்குமாடி வீடாக இருந்தால் கூரையும் வெளிச்சுவரும் லிஃப்ட்டும் சங்கத்தின் பொறுப்பு, மாதச் சந்தாவில் வந்துவிடும் என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். சங்கத்தின் சேமிப்பில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். லிஃப்ட் மாற்றும் வயதுக்கு வந்திருந்து, சேமிப்பு காலியாக இருந்தால் தலைக்கு இவ்வளவு என்று ஒரு தனி வசூல் வரப்போகிறது. கடைசி இரண்டு ஆண்டுக் கூட்டக் குறிப்புகளைப் படித்தால் யார் யார் எதற்குச் சண்டை போட்டார்கள் என்பது வரை தெரிந்துவிடும்.

அப்புறம் நிர்வாகம். 'நானே பார்த்துக்கொள்வேன், இதற்கு எதற்குச் செலவு' என்பார்கள். பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் கணக்கில் போடுங்கள். வசூலாகும் வாடகையில் 8 முதல் 10 சதவீதம் என்பது அமெரிக்காவில் நிர்வாக நிறுவனங்கள் பரவலாக வாங்கும் கட்டணம். நீங்கள் செய்தால் அந்தப் பணம் உங்கள் கூலி. அதை வீட்டின் வருமானமாகக் காட்டினால் உங்கள் உழைப்பை வீட்டின் பெயரில் எழுதுகிறீர்கள். நாளைக்கு வேறு ஊருக்குப் போக நேர்ந்தாலோ, முடியாமல் போனாலோ அந்தச் செலவு வந்தே தீரும். காலி மாதம் போக வசூலாவது 1,152. அதில் 8 சதவீதம் 92.

தண்ணீர், குப்பை, பொது விளக்கு, தோட்டம் இவற்றை யார் கட்டுகிறார் என்று குத்தகை ஒப்பந்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே குடியிருப்பவரே கட்டுகிறார் என்று விடுகிறேன்.

சரி, கூட்டுவோம். ஆள் மாற்றத்துக்கு 120, வரி 90, காப்பீடு 40, ரிப்பேர் 70, மாற்றுச் செலவு 100, நிர்வாகம் 92. மொத்தம் 512. மீதி 688. கீழே வகுக்கும் எண்ணும் 15,000 அல்ல. பத்திரப் பதிவு, வழக்கறிஞர், தரகு எல்லாம் சேர்த்து 1,000, வாங்கிய கையோடு செய்யும் வேலைக்கு 500; ஆக 16,500. வருவது 4.2 சதவீதம். 7.2 என்ற தாள் 4.2-க்கு இறங்கிவிட்டது. இதில் எந்த எண்ணும் பயமுறுத்துவதற்காகப் போட்டது இல்லை.

512 என்பது வாடகையில் 43 சதவீதம். பாதி விதி 600 சொல்லியிருக்கும். பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றலாம். இதே கட்டடம் மாதம் 250 வாடகை போகும் இடத்தில் இருப்பதாக நினையுங்கள். ரிப்பேரும் மாற்றுச் செலவும் காப்பீடும் அதே 210-தான். ஆள் மாற்றம் 300, நிர்வாகம் 230, வரியை 200 வரை ஏற்றினாலும் மொத்தம் 940. 3,000-இல் 31 சதவீதம். மாதம் 60-தான் போகும் என்றால் அதே 210-ஓடு வரி 60, ஆள் மாற்றம் 72, நிர்வாகம் 55 சேர்ந்து 397. 720-இல் 55 சதவீதம். ஹீட்டர் கடைக்காரர் உங்கள் வாடகை எவ்வளவு என்று கேட்டு விலை சொல்வதில்லை. குறைந்த வாடகை வீடுகள் தாளில் அமோகமான வருமானம் காட்டி, கையில் ஒன்றும் நிற்காமல் போவது இதனால்தான். பாதி விதியை, பத்து வீட்டில் எதைப் போய்ப் பார்ப்பது என்று வடிகட்ட மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கடன் தவணையை இந்தச் செலவில் சேர்க்காதீர்கள். தவணை உங்கள் நிதி ஏற்பாடு. வீடு எப்படிப்பட்டது என்பதை அது சொல்லாது. 688 வந்த பிறகு தனியாகக் கழித்துப் பாருங்கள். வருமான வரியும் அப்படித்தான். இந்தியாவில் வாடகை வருமானத்தில் உள்ளாட்சி வரி போக மிச்சத்தில் 30 சதவீதத்தை, உண்மையில் எவ்வளவு செலவானாலும், கழித்துக்கொள்ளச் சட்டம் விடுகிறது. அமெரிக்காவில் குடியிருப்புக் கட்டடத்தின் விலையை 27.5 ஆண்டில் தேய்மானமாகக் கழிக்கலாம். இவை வரி போடுபவரின் சௌகரியத்துக்கான எண்கள். 'சட்டமே 30 சதவீதம் என்கிறது, அப்படியானால் செலவு அவ்வளவுதான்' என்று சிலர் எடுத்துக்கொள்வதைப் பார்க்கிறேன். வீட்டுக் கூரைக்கு அந்தச் சட்டம் தெரியாது.

தவணை ஆண்டுக்கு 550 என்று வையுங்கள். 688-இல் அது போக 138 கையில். வாடகை 10 சதவீதம் இறங்கினால் என்ன ஆகும்? வாடகை 1,080. ஆள் மாற்றமும் நிர்வாகமும் கொஞ்சம் குறையும், 108-உம் 83-உம். மற்ற 300 அசையாது. மீதி 589, தவணை போக 39. வாடகை பத்தில் ஒரு பங்கு குறைந்ததற்குக் கைக்கு வருவதில் பத்தில் ஏழு பங்கு போய்விட்டது. கடன் போட்டு வாங்குபவர் செலவுக் கணக்கில் ஏன் இத்தனை கறாராக இருக்க வேண்டும் என்பது இதைப் பார்த்தால் விளங்கும். சராசரி என்பது காலத்தையும் சொல்லாது. ஆண்டுக்கு 100 என்று எழுதிவைத்த மாற்றுச் செலவு, நீங்கள் வாங்கிய ஐந்தாம் மாதமே 400 ஆக வந்து நிற்கலாம். வாங்கும்போதே ஆறு மாதச் செலவும் தவணையும் தனிக் கணக்கில் கிடந்தால்தான் அந்த மாதத்தைத் தாண்ட முடியும். ஒரே வீடு என்றால் காலியாகும்போது வருமானம் முழுக்க நிற்கும். நாலு வீடுள்ள கட்டடத்தில் கால் பங்குதான் நிற்கும். கையிருப்பை அதற்கேற்ற மாதிரி முடிவு செய்யுங்கள்.

இனி கணக்கைத் திருப்பிப் போடலாம். உங்களுக்கு 5 சதவீதம் வேண்டுமென்றால் 688-ஐ 0.05-ஆல் வகுங்கள்: 13,760. அதில் பதிவுச் செலவும் உடனடி வேலையும் 1,500 போனால், இந்த வீட்டுக்கு நீங்கள் கேட்கக்கூடிய விலை 12,260 சுற்றுவட்டம். 6 சதவீதம் வேண்டுமென்றால் 10,000-க்குக் கீழே. 15,000 கேட்பவர் அவ்வளவு இறங்குவாரா என்றால், 6-க்கு இறங்க மாட்டார் என்றே நினைக்கிறேன். 5-க்குப் பேசிப் பார்க்கலாம், முக்கியமாக மேல்தளமும் வெளிப்பூச்சும் போன நிலையைப் படம் எடுத்துக் காட்டினால்.

பேசப் போகும்முன் மூன்று காகிதங்களை வாங்கிவிடுங்கள்: விற்பனைக்குப் பிறகான வரி எவ்வளவு என்று உள்ளாட்சியின் பதில், வாடகை வீட்டுக்கான காப்பீட்டு விலைப்புள்ளி, கடைசி இரண்டு மூன்று குடித்தனங்களின் ஒப்பந்த நகல். நான் போட்ட 90 தப்பாகி வரி 60-ஆகவே நின்றால் ஆண்டுக்கு 30 மிச்சம். 5 சதவீதக் கணக்கில் அது விலையில் 600. ஒரு மனுவுக்கு ஆறு மாத வாடகை, போய் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.